ஆனேக்கல்லில் ரத்தான நாற்பது பதில்கள்

1

என் மனைவி சாரதா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வருஷத் திதி கொடுத்தோம். அதைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை பெங்களூர் பக்கத்து ஆனேக்கல்லுக்குப் போகிறது. மூன்று மாதத்துக்கு முன் அங்கே நாற்பது பேர் சொன்ன பதில்களை நான் ரத்து செய்தேன். திதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் இருந்து இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு என்னை நினைவிருக்கலாம். விதைக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த ஒல்லியான ஆள். பெங்களூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதென்ன வெளிநாடா, சாயங்காலம் பஸ் ஏறினால் விடிவதற்குள் இறங்கிவிடலாமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் எந்த அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்றாலும் ‘எந்த ஊர்’ என்று முதலில் கேட்கிற இடம் வெளியூர்தான். அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

சாரதாவின் இறப்புச் சான்றிதழுக்குப் போயிருந்தபோது கவுண்டரில் இருந்தவரிடம் “நன்ன ஹெண்டதி”, அதாவது என் மனைவி, என்று கன்னடத்தில் ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, தமிழிலேயே சொல்லுங்கள் என்றார். இருபது வருடமாக நான் கன்னடம் பேசுகிறேன், இருபது வருடமாக எனக்குத் தமிழில்தான் பதில் வருகிறது. விண்ணப்பத்தில் இறந்தவரின் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. பொம்மசந்திரா வாடகை வீட்டு முகவரியை எழுதினேன். இறந்துபோனவளுக்கு நிரந்தர முகவரி எதற்கு என்று வேறு யாருக்காவது தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் பெரிதாகத் தோன்றுவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். குறை ஒன்றும் இல்லை.

2

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மக்கள் கருத்தைக் கேட்டுச் சொல்கிற ஒரு கம்பெனியில் சரிபார்ப்பு மேற்பார்வையாளர். சோப்பு பற்றிக் கேட்போம், பஸ் வசதி பற்றிக் கேட்போம், யார் என்ன கேட்கச் சொன்னாலும் கேட்போம். களப்பணியாளர்கள் கையில் டேப்லெட்டோடு வீடு வீடாகப் போவார்கள். அவர்கள் உண்மையில் போனார்களா, கேள்வியை உள்ளபடி கேட்டார்களா என்று பார்ப்பது நான். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு திரும்பவும் போவேன். சம்பந்தி வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று சொல்வதற்காகவே போகிற ஆள் மாதிரி ஒரு பிழைப்பு.

இந்த வேலையில் ஒரே ஒரு பெரிய விதி. கேள்வியை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும். புரியவில்லை என்றால் இன்னொரு தடவை படிக்கலாம். அதற்கு அர்த்தம் சொல்லக் கூடாது. ரொம்பக் கேட்டால் “உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லலாம். நாம் வாயைத் திறந்து விளக்கினால் அவர் கருத்து போய் நம் கருத்து வந்துவிடும் என்பது நியாயம். அதில் தப்பு சொல்ல முடியாது.

ஒவ்வொரு கேள்விக்கும் கடைசியில் திரையில் இரண்டு எண் இருக்கும். அவற்றை வாய்விட்டுப் படிக்க மாட்டோம். 98 என்றால் தெரியாது, 99 என்றால் சொல்ல விருப்பமில்லை. தமிழ் வீடுகளில் 98 எப்படி வரும் தெரியுமா? யாரும் ‘தெரியாது’ என்று சொல்ல மாட்டார்கள். ‘நீங்களே போட்டுக்கங்க’ என்பார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், ஃபேனைப் போடுவார்கள், நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள், பதிலை மட்டும் நம்மையே போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். படித்தவர் எழுதினால் சரியாக இருக்கும் என்று ஒரு மரியாதை. ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

எங்கள் களப்பணியாளர்களில் பிலோமினா என்று ஒருத்தர். கண்டோன்மென்ட் பக்கத்துச் சர்ச் தெருவில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். தமிழ், கன்னடம், தக்கினி உருது, இங்கிலீஷ் நாலும் ஒரே வாக்கியத்தில் வரும். பதினோரு வருடம் என் கீழே வேலை பார்த்தார். ‘நீங்களே போட்டுக்கங்க’ அவருக்கு ஆகவே ஆகாது.

“அப்டி சொல்ற வூட்ல நான் உக்காந்துடுவேன் சார்” என்பார். “பதில் வர்ற வரிக்கும் எழுந்திருக்க மாட்டேன். சும்னே எழுதிகினு போறதுக்கு நான் எதுக்கு?”

3

சாரதாவுக்கும் பிலோமினாவுக்கும் நல்ல பழக்கம். பொம்மசந்திரா பக்கம் வேலை இருந்தால் பிலோமினா டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வருவார். சாரதா பருத்திப்பால் கொடுப்பாள். குடித்தது போக ஃபிளாஸ்க்கிலும் ஊற்றிக் கொடுத்துவிடுவாள்.

பருத்திப்பால் என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே விளக்க வேண்டும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவோம் என்று சொன்னால், மாடு தின்கிறதையா என்று பார்ப்பார்கள். கொட்டை கிடைப்பதே ஆனேக்கல்லில் மாட்டுத் தீவனக் கடையில்தான். முதல் தடவை போனபோது கடைக்காரர் எத்தனை மாடு என்று கன்னடத்தில் கேட்டார். “ரெண்டு. ஒண்ணு கத்தும், ஒண்ணு கத்தாது” என்றாள் சாரதா, என்னைப் பார்த்துக்கொண்டே. கத்தாதது நான்.

சாரதா கத்துகிற மாடுதான். கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். பின்னால் வரிசை நிற்கும். எனக்கு வெட்கமாக இருக்கும். நித்யா, எங்கள் மகள், அவளுக்கு அதைவிட வெட்கம். பள்ளிக்கூடத் தோழிகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நாலு அடி தள்ளி நிற்பாள். ஒரு மிக்சர் பாக்கெட்டில் பருத்திக்கொட்டை எண்ணெய் என்று இருந்ததைப் படித்துவிட்டு, “இது எந்தப் பருத்தின்னு போடலையே” என்றாள். எந்தப் பருத்தியாக இருந்தால் என்ன என்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் விதைக்கடைக் கதையை முழுக்கப் பிடுங்கினாள்.

அந்தக் கதை இதுதான். புதுப் பருத்தி விதை வந்த புதிதில் நான் கடையில் இருந்தேன். புழு தின்னாத மாதிரி மரபணுவை மாற்றிய விதை. பெரிய பாக்கெட்டோடு ஒட்டி ஒரு சின்னப் பாக்கெட்டும் வரும். அதில் இருப்பது சாதாரணப் பருத்தி. காட்டைச் சுற்றி ஓரமாக அதை விதைக்க வேண்டும், அப்போதுதான் புழு புது விதைக்குப் பழகிப்போகாது என்று விதி. விதை வாங்க வருகிற சம்சாரிகள் கேட்பார்கள், “இந்தச் சின்னது எதுக்குப்பா?” எனக்குத் தெரியாது. உறையில் எழுதியிருந்தது, நான் படித்ததில்லை. “சும்மா வர்றதுதாண்ணே, தூரப் போடுங்க” என்பேன். கடைவாசல் எல்லாம் சின்னப் பாக்கெட்டாகக் கிடக்கும். அரசாங்கம் போட்ட ஒழுங்குமுறை அத்தனையும் சாயங்காலம் விளக்குமாற்றால் கூட்டி அள்ளப்பட்டது. அள்ளியதும் நான்தான்.

கேட்டுவிட்டுச் சாரதா, “அப்ப நீங்க வித்த வெதையிலதான் இப்ப நாம பால் காச்சிக் குடிக்கோமாக்கும்” என்றாள். இப்போது நாட்டில் விளைகிற பருத்தி ஏறக்குறைய எல்லாமே அதுதான் என்றேன். பயந்துபோய் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. மறுவாரமும் கொட்டை வாங்கி ஊறவைத்தாள். ஆனால் ஒன்று சொன்னாள். அப்போது பிலோமினாவும் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

“கெட்டதுன்னு நான் சொல்லலைங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் குடுங்கன்னுதான் சொல்லுதேன்.”

அவள் போனது தலையில் ரத்தக்குழாய் வெடித்து. சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, யாரும் அப்படி முடிச்சுப் போட வேண்டாம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். இதைச் செய்யலாமா, அதைச் செய்யலாமா என்று தாள்களை நீட்டினார்கள். கன்னடத்தில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். ஆபரேஷன் செய்தால் இப்படி ஆகலாம், செய்யாவிட்டால் இப்படி ஆகலாம், உங்கள் விருப்பம் என்ன என்று ஒரு இளம் டாக்டர் நின்று பொறுமையாகத்தான் கேட்டார். “நீங்களே பாத்துப் போட்டுக்கங்க டாக்டர்” என்று எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

4

இந்த வருடம் ஒரு புது வேலை வந்தது. மரபணு மாற்றிய உணவுப் பொருள்களை எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுத வேண்டும். கேள்விகளை இங்கிலீஷிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தது நான். ஏழாவது கேள்வியை அப்படியே தருகிறேன்: ‘மரபணு மாற்றம் செய்யப்பட்ட மூலப்பொருள் அடங்கிய உணவுப் பொட்டலங்களின் மீது அதுகுறித்த அறிவிப்பு இடம்பெறுவதைக் கட்டாயமாக்குவது தொடர்பான ஒழுங்குமுறை குறித்துத் தங்கள் கருத்து யாது?’

சிரிக்காதீர்கள். இதற்கு ஒப்புதல் வாங்க மூன்று பேரிடம் போக வேண்டியிருந்தது. ‘யாது’ என்பதை ‘என்ன’ என்று மாற்றலாமா என்று கேட்டதற்கு, ஒப்புதலான பிறகு மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

எதிர்பார்த்தபடியே வீடுவீடாக 98 வந்தது. மூன்றாவது கேள்வி, இப்படிப்பட்ட உணவை நீங்கள் எப்போதாவது சாப்பிட்டிருக்கிறீர்களா என்பது. எல்லோரும் இல்லை என்றார்கள். நானும் சரி என்று விட்டேன். அந்தப் பருத்தியில் பால் காய்ச்சிக் குடித்தவன், அந்த விதையை விற்றவன், இல்லை என்கிற பதிலை ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்துச் சரி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனேக்கல் வட்டாரத்துத் தமிழ் வீடுகள் நாற்பது பிலோமினாவுக்கு. அவருடைய பதில்கள் வந்தபோது கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டியது. ஏழாவது கேள்வியில் 98 ஒன்றுகூட இல்லை. நாற்பது வீட்டுக்கும் கருத்து இருந்தது. எங்கள் தொழிலில் இதற்கு இரண்டு அர்த்தம்தான். ஒன்று, வீட்டுக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து தட்டியிருக்க வேண்டும். இல்லை, கேள்வியை விளக்கியிருக்க வேண்டும். பிலோமினா டீக்கடையில் உட்காருகிறவர் இல்லை. நான் பஸ் ஏறினேன்.

5

எட்டு வீட்டுக்குப் போனேன். எட்டிலும் பிலோமினா வந்திருந்தார். அது பெரிய ஆறுதல் என்று சொல்லியிருப்பேன், அப்போது எனக்கு அதெல்லாம் இருந்திருந்தால்.

மூன்றாவது வீடு மஞ்சுளா என்கிற பெண்ணுடையது. பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், கம்பெனி பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே பேசினாள். வந்த அம்மா கேள்வியை மட்டும் படித்தாரா, வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இதை மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகச் சொன்னாள்.

“கேள்விய படிச்சாங்க, ஒண்ணும் புரியலை. நீங்களே போட்டுக்கங்கன்னேன். அவங்க விடலை சார், உக்காந்துக்கிட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தவங்க இருந்தாங்களாம், எந்த பாக்கெட்டையும் திருப்பி படிக்காம வாங்க மாட்டாங்களாம். பருத்திக்கொட்டையில பால் காச்சுவாங்களாம். அந்த பருத்தியே இப்ப மாத்தின பருத்திதானாமே. அந்தக்கா சொல்வாங்களாம், கெட்டதுன்னு சொல்லலை, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுங்கன்னு. எனக்கும் அதான்னேன் சார். அதையே எழுதிக்கிட்டாங்க.”

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒன்பது மாதமாக யாரும் சாரதாவின் வாக்கியத்தை என்னிடம் சொன்னதில்லை. உறவினர்கள் நல்ல மனுஷி என்பார்கள், கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்பார்கள். அவள் பேசியதை அப்படியே யாரும் பேசிக் காட்டவில்லை. சாரதாவைப் பார்த்தே இராத ஒரு பெண், டிபன் பாக்ஸை அழுத்தி மூடிக்கொண்டு, ஓசூர் பக்கத்துத் தமிழில் அதைச் சொன்னாள். அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று என்னையே கேட்டாள். தெரியாது என்றேன்.

மற்ற வீடுகளிலும் இதே கதை போயிருந்தது. ஆனால் பதில்கள் ஒன்றாக இல்லை. ஒரு பெயிண்டர், எழுதி ஒட்டினால் விலையை ஏற்றிவிடுவான், வேண்டவே வேண்டாம் என்றிருந்தார். ஒரு வயதான அம்மா, இத்தனை நாள் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையே, இனிமேல் எழுதி என்ன என்றிருந்தார். ஒரு டீச்சர், முதலில் சோதித்து முடிக்கட்டும், எழுதுவது அப்புறம் என்றிருந்தார். ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். விளக்கம் கேட்டு எல்லோரும் ஒரே பக்கம் சாயவில்லை என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது.

ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தேன். ‘நேர்காணலின்போது விளக்கம் அளிக்கப்பட்டதா?’ ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். எட்டில் மூன்று ஆம் வந்தாலே நாற்பதும் ரத்து. ரத்தானால் பிலோமினா பெயர் பட்டியலிலிருந்து போய்விடும், எங்கள் கம்பெனியில் இனி வேலை கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். இல்லை என்று தட்டியிருந்தால் கேட்பார் யாரும் இல்லை, அதுவும் தெரியும்.

யோசித்தேன், மனதோடு போராடினேன் என்றெல்லாம் எழுதினால் பொய். ஓசூர் பஸ் ஒன்று கிளம்பியது. ஆம் என்று எட்டுத் தடவை தட்டினேன். உண்மை அதுதானே, விளக்கம் அளிக்கப்பட்டது.

6

மறுநாள் காலையில் பிலோமினா கூப்பிட்டார்.

“மெசேஜ் வந்துருக்கு சார். நாப்பதுமா?”

“நாப்பதும்.”

“நான் இன்னா பொய் எழுதினேன்?”

பொய் எழுதவில்லை, விளக்கம் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். விதி உங்களுக்கே தெரியும் என்றேன். நான் பேசும்போது என் குரல் ரெக்கார்டு செய்த குரல் மாதிரி எனக்கே கேட்டது.

“புரியாம சொன்னா எடுத்துக்கறீங்க. புரிஞ்சிகினு சொன்னா கேன்சல். அப்டித்தானே சார்?”

போனில் அவர் பின்னால் சர்ச் மணியோ, பள்ளிக்கூட மணியோ கேட்டது.

“நானா ஒண்ணும் சொல்லல்ல சார். அது அக்கா சொன்னது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

அவர் போனை உடனே வைக்கவில்லை. கடைசியில் நான்தான் வைத்தேன்.

7

அந்த நாற்பது இடத்துக்கு வேறு நாற்பது வீடு எடுத்து, வேறொருவரை அனுப்பினோம். புதியவர், விதியை ஒரு புள்ளி பிசகாமல் கடைப்பிடிப்பவர். பாதிக்கு மேல் 98 வந்தது. சிவப்புக் கோடு இல்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

போன மாதம் அறிக்கை முடிந்தது. தமிழ் பேசுகிற குடும்பங்கள் பற்றி ஒரு பத்தி. இந்த விஷயத்தில் அவர்களுக்கு அக்கறையோ கருத்தோ இன்னும் உருவாகவில்லை என்கிற பொருளில் எழுதியிருந்தார்கள். சரிபார்த்தவர் என்று கீழே என் பெயர். மஞ்சுளாவை நினைத்தேன், அந்தப் பெயிண்டரை நினைத்தேன். அவர்களுக்குக் கருத்து இருந்தது. நான் கூட்டி அள்ளிவிட்டேன். பழைய வேலைதான், புதிதாக ஒன்றும் இல்லை.

நித்யாவிடம் இதைச் சொல்லலாம் என்று வைட்ஃபீல்டுக்குப் போனேன். கல்யாணமாகி அங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். என் வீட்டிலிருந்து கம்பெனி வேனில் போனாலும் ஒன்றரை மணி நேரம். கேட்டில் காவலாளி பெயரும் போன் நம்பரும் கேட்டு ஒரு போனில் தட்டுவார். உள்ளே இருக்கிறவர் தன் போனில் சம்மதம் கொடுத்தால்தான் கதவு திறக்கும். அன்றைக்கு அவளுக்கு மீட்டிங். நாற்பது நிமிடம் கேட்டுக்கு வெளியே நின்றேன். காவலாளி நல்லவர், ஸ்டூல் கொடுத்தார். மற்றவர்களின் பிள்ளைகள் கனடாவில் இருந்துகூட வாராவாரம் வீடியோவில் வருகிறார்களாம், இங்கே ஒரே ஊரில் இருந்துகொண்டு சம்மதத்துக்கு நிற்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒடிசாக்காரர், சிரித்தார், புரிந்திருக்காது.

உள்ளே போனபோது ஆனேக்கல் விஷயத்தைச் சொல்லவில்லை. அவள் வேறு ஒன்றைக் கேட்டாள். அந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுகிறீர்களா, இல்லை அருப்புக்கோட்டைக்கே போகிறீர்களா, இல்லை இப்படியே இருக்கப் போகிறீர்களா? எது என்றாலும் திதிக்குள் சொல்லுங்கள் என்றாள். உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய் என்றேன். விதிப் புத்தகத்தில் இருக்கிற வாக்கியம் கிட்டத்தட்ட அப்படியே வாயில் வந்தது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

8

ஞாயிற்றுக்கிழமை திதி. சாரதாவுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று நானே பருத்திப்பால் காய்ச்சினேன். தீவனக் கடைக்காரர் வழக்கம்போல எத்தனை மாடு என்றார். ஒன்று என்றேன். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் மிக்ஸியில் அரைத்து, மூன்று தடவை பால் எடுத்தேன். அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது.

நித்யா பத்து மணிக்கு வந்தாள். கடையில் பார்சல் வாங்கி வந்த வடையையும் பாயசத்தையும் இலையில் வைத்தாள். வைப்பதற்கு முன் பாயச டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள். பழக்கத்தில் படித்தாளா, அம்மாவை நினைத்துப் படித்தாளா தெரியாது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள். கும்பிட்டு முடிந்ததும் வாசலில் நின்று, “என்னப்பா முடிவு பண்ணீங்க?” என்றாள். நான் சாரதா படத்தைப் பார்த்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, வண்டி வந்துவிட்டது.

நாலு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். பிலோமினா நின்றிருந்தார். கையில் மெழுகுவத்தியும் பூவும். நான் கூப்பிடவில்லை, அவருக்கே தேதி நினைவிருந்திருக்கிறது. உள்ளே வந்து படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டார், பூ வைத்தார். வேலை எதுவும் கிடைத்ததா என்று கேட்டேன். ஒரு நர்சரி ஸ்கூலில் ஆயாவாக இருப்பதாகச் சொன்னார், பிள்ளைகள் பேஜார் பண்ணுதுங்க, பரவாயில்லை என்றார். என்மேல் கோபம் எதுவும் காட்டவில்லை. கோபம் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பருத்திப்பாலை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

“அடி புட்ச்சிருக்கு சார்” என்றார். ஆனாலும் முழுக்கக் குடித்தார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஒரு வருடத்தில் எனக்கென்று தோன்றிய முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். பதினோரு வருடமாக இந்த மனுஷி ஊரில் இருக்கிறவர்கள் கருத்தையெல்லாம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்திருக்கிறார். இவருக்கு என்ன தோன்றுகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சாரதாவிடமும் கேட்டதில்லை, அவள் கேட்காமலே சொல்லிவிடுவாள். இப்போது கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்காவிட்டால் ஏதோ ஒன்று முடிந்துபோய்விடும் என்று பயமாகக்கூட இருந்தது.

“அந்த ஏழாவது கேள்வி, பிலோமினா. கம்பெனிக்கு இல்ல. நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதி ஒட்டணுமா, வேண்டாமா?”

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“எதுக்கு சார் அதெல்லாம். நீங்களே போட்டுக்கங்க.”

எழுந்து பையை எடுத்துக்கொண்டார். மரத்துப்போன கன்னம் உயிர் பெறும்போது சுருக்கென்று ஒரு வலி வருமே, அது வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது, ஒரு வருடம் கழித்து. அப்படிச் சொல்கிற வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும், பதில் வருகிறவரை எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் முறை. ஆனால் இது என் வீடு, நான் எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை. “உட்காருங்க பிலோமினா” என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.